விடியற்காலையில் வண்டி கிளம்பாவிட்டால்

(வானொலி உரை)

விடியற்காலை மூன்று மணி. முந்தின நாள் சாயங்காலமே தக்காளியைப் பறித்து, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, பிக்கப் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் சொன்ன விலை கிடைக்கும். சாவியைத் திருப்புகிறீர்கள். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டி அசையவில்லை.

"பேட்டரி போச்சு!" என்பார் ஒருவர். "செல்ஃப் மோட்டார் எரிஞ்சிருக்கும்" என்பார் இன்னொருவர். நாலு பேர் பின்னால் நின்று தள்ளினால் வண்டி கிளம்பிவிடும். சந்தைக்கும் போய் வந்துவிடலாம். ஆனால் மறுநாளும் அதே கதைதான்.

எங்கள் பக்கத்து ஊர் விவசாயி ஒருவருக்கு இப்படித்தான் ஆயிற்று. இருபது வருஷம் உழைத்த டீசல் பிக்கப். இன்ஜினை இறக்கி வேலை பார்த்து, பெயின்ட் அடித்துக் கொண்டு வந்தார். கொஞ்ச நாளில் செல்ஃப் எடுக்கவில்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டார். பத்து நாள் ஓடியது, மறுபடியும் மக்கர். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஆர்மேச்சர் மாற்றினார். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். ஒரு கருவியும் எடுக்கவில்லை. "சாவியைத் திருப்புப்பா" என்று சொல்லிவிட்டு, ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். கேபிள் சுட்டது. "இன்ஜின் எர்த்து பட்டை சரியில்லை, பாரு" என்றார். பார்த்தால், அந்தப் பட்டை பெயின்ட் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளிச்சென்று தேய்த்து, மறுபடி முடுக்கினார்கள். கால் மணி நேர வேலை. அன்றிலிருந்து வண்டி ஒரே சுற்றில் கிளம்புகிறது. பேட்டரிக்கும் ஆர்மேச்சருக்கும் கொடுத்த பல ஆயிரம் ரூபாய் போனது போனதுதான்.

இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். பாகத்தை மாற்றுவதற்கு முன்னால், மின்சாரம் போகும் பாதையைப் பாருங்கள்.

கிணறும் வாய்க்காலும்

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வயல் காய்கிறது. உடனே புதுக் கிணறா வெட்டுவோம்? வாய்க்காலில் எங்கே அடைப்பு, எங்கே உடைப்பு என்றுதானே முதலில் பார்ப்போம்? வண்டியிலும் அப்படித்தான். பேட்டரி கிணறு. பெரிய கேபிள் வாய்க்கால். செல்ஃப் மோட்டார் வயல். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீருக்குத் திரும்பி வரும் வழி வேண்டாம். மின்சாரத்துக்கு வேண்டும். செல்ஃப் மோட்டாருக்குள் போன மின்சாரம், இன்ஜின் உடம்பு, எர்த்து பட்டை, சேஸிஸ் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பியாக வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. எர்த்து பட்டை கெட்டால் அது கேபிள், கம்பி என்று கிடைத்த குறுக்கு வழியில் ஓடும். அதனால்தான் அந்த ஆக்சிலேட்டர் கேபிள் சுட்டது.

"ஹெட்லைட் பளிச்சுனு எரியுதே, பிறகு இணைப்பு எப்படிக் கெட்டிருக்கும்?" என்று கேட்பீர்கள். 60 வாட்ஸ் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர்தான் இழுக்கும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 10 ஆம்பியர். டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டாரோ 200 ஆம்பியருக்கும் மேல் கேட்கும். களிம்பு ஏறிய ஒரு டெர்மினலில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கு அது தெரியவே தெரியாது. 200 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடத்திலேயே 2 வோல்ட் விழுந்துவிடும். இப்படி இரண்டு மூன்று இடம் சேர்ந்தால் மோட்டார் எப்படிச் சுற்றும்?

முதலில் உயிர், பிறகு வண்டி

கை வைப்பதற்கு முன் சில எச்சரிக்கைகள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். கைப் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுகளை ஸ்குரூடிரைவரால் சேர்த்து வண்டியைக் கிளப்பும் வழக்கம் பல பேருக்கு இருக்கிறது. தயவுசெய்து அது வேண்டாம். கியரில் இருக்கும் வண்டி அந்தக் கணமே பாயும். பக்கத்தில் குனிந்திருக்கிறவர் சக்கரத்துக்கு அடியில்தான் போவார்.

பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு சிறு பொறி போதும், வெடித்துவிடும். பீடி, தீக்குச்சி பக்கத்தில் ஆகாது. கழற்றும்போது நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இதை மாற்றிச் செய்தால், ஸ்பேனர் பாடியில் பட்ட மாத்திரத்தில் பெரும் பொறி பறக்கும். கையில் மோதிரம், இரும்புக் காப்பு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

காதால் கேளுங்கள், விளக்கைப் பாருங்கள்

இப்போது சோதனைக்கு வருவோம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். ஒருவர் விளக்கைப் பார்க்கட்டும். மற்றவர் சத்தத்தைக் கேட்கட்டும். பாதி நோய் இங்கேயே தெரிந்துவிடும்.

ஒன்று: சத்தமே இல்லை, விளக்கும் குறையவில்லை. செல்ஃப் மோட்டாருக்கு உத்தரவே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சாவி சுவிட்ச், அதிலிருந்து வரும் மெல்லிய ஒயர், ரிலே இருந்தால் அது, இவற்றைப் பாருங்கள்.

இரண்டு: 'டக்' என்று ஒரே சத்தம், விளக்கு அப்படியே எரிகிறது. சொலினாய்டு உள்ளே இழுக்கிறது. ஆனால் அதன் செம்புத் தொடுமுனை தேய்ந்தோ கருகியோ இருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

மூன்று: 'டக் டக் டக்' என்று வேகமாக அடிக்கிறது, விளக்கு அடங்கி அடங்கி எரிகிறது. பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லையென்றால் பெரிய கேபிளின் இணைப்பு சரியில்லை.

நான்கு: இன்ஜின் மெதுவாக, முக்கி முனகிச் சுற்றுகிறது. பேட்டரி, கேபிள், எர்த்து மூன்றையும் பாருங்கள். மூன்றும் நன்றாக இருந்தால் மோட்டாரின் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறதா என்று பட்டறையில் பார்க்க வேண்டும்.

ஐந்து: 'விர்' என்று மோட்டார் மட்டும் சுற்றுகிறது, இன்ஜின் சுற்றவில்லை. பினியன் கிளட்ச் வழுக்குகிறது அல்லது ஃப்ளைவீல் ரிங்கில் பல் தேய்ந்திருக்கிறது. நாலு சிலிண்டர் இன்ஜின் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும். பழகிய மாடு அதே முளையில் போய் நிற்பதுபோல. அதனால் பல்லும் அந்த இரண்டு இடத்தில்தான் தேயும். அவசரத்துக்குச் சாவியை எடுத்துவிட்டு, மேல் கியரில் போட்டு, வண்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் வேறு பல் வந்து மாட்டும். பிறகு நியூட்ரலுக்குக் கொண்டு வந்து கிளப்புங்கள். ஆனால் ரிங் மாற்றும் நாள் நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறு: இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அப்படியானால் செல்ஃப் மோட்டாரை விட்டுவிடுங்கள். கோளாறு எரிபொருளிலோ இக்னிஷனிலோ இருக்கிறது.

எதுவானாலும் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் நல்ல மோட்டாரும் எரிந்து போகும்.

பேட்டரியும் இணைப்புகளும்

பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா? வெந்நீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்; சோடாத் தண்ணீர் உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும். கிளாம்பைக் கழற்றி, முனையின் வெளிப்பக்கத்தையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். நன்றாக முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது தகட்டைக் கெடுக்கும்.

பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்துக் கல்யாணம் நடத்திய காலம் போய்விட்டது. இன்று டிஜிட்டல் மீட்டர் ஒன்று எல்லா எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் அளவுக்கு மேல் இழுக்கிறது. பேட்டரிக் கடையில் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு அறையில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாகக் காட்டினால், அந்த அறை கெட்டுவிட்டது. அந்தப் பேட்டரியை நம்ப முடியாது.

இப்போது வாய்க்காலைச் சோதிப்போம். டீசல் வண்டியில் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடியுங்கள். பெட்ரோல் வண்டியில் காயிலின் நடு ஒயரைக் கழற்றி எர்த்தில் வையுங்கள். இன்ஜின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். மறு முனையை, பேட்டரி கேபிள் வந்து சேரும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் அடைப்பு. அடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, அதேபோலச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்து சரியில்லை. அந்தப் பக்கத்து ஊர் விவசாயி இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் புது பேட்டரிக்கு அவசியமே வந்திருக்காது.

மீட்டர் இல்லையா? பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு இரண்டு முழம் ஒயர் இணைத்துக்கொள்ளுங்கள். சொலினாய்டில் மெல்லிய ஒயர் வரும் முனைக்கும் பாடிக்கும் நடுவே வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பல்பு எரிந்தும் சத்தம் வராவிட்டால் கோளாறு சொலினாய்டில். பல்பு எரியாவிட்டால் சாவி சுவிட்சிலோ ஒயரிலோ கோளாறு. தொழுவத்துப் பக்கம் நிறுத்தும் வண்டியில் எலி ஒயரைக் கடிப்பது சகஜம். டேஷ்போர்டுக்கு அடியிலும் இன்ஜின் ஓரத்திலும் டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள்.

செல்ஃப் மோட்டாரை மரக் கட்டையால் மெல்லத் தட்டினால் சில சமயம் எடுத்துவிடும். எடுத்தால், கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். அது உங்களைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முதலுதவி, வைத்தியம் அல்ல. அன்றைக்கே பிரஷ் மாற்றிவிடுங்கள்.

டீசல் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

டீசலில் பிளக் பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் பற்றுகிறது. ஆகவே இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் பிடிக்கும். மெதுவாகச் சுற்றும் டீசலுக்கு முதல் வைத்தியம் பேட்டரியும் எர்த்தும்தான்.

நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்காவிட்டால் சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியானால் அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பல்பு வைத்துப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. ஸ்டாப் கேபிள் பாதியில் மாட்டியிருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம். சில வண்டிகளில் பம்பில் மின்சார ஸ்டாப் சொலினாய்டு இருக்கும். சாவியைப் போட்டதும் அதில் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பம்பைக் கழற்ற ஓடாதீர்கள். அதற்கு வரும் ஒயரில் பல்பை வைத்துப் பாருங்கள். ஒரு ஃப்யூஸ் போயிருந்தாலும் இந்தக் கோளாறு வரும்.

பெட்ரோல் வண்டியில் பொறி

பழைய பெட்ரோல் ஜீப்பைப் பிக்கப்பாகக் கட்டி இன்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

பாயிண்ட் மூடித் திறக்கும்போது, காயில் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிப் பிளக்குக்கு அனுப்புகிறது. பனிக் காலத்தில் கிளம்ப மறுத்தால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். உட்புறம் தலைமுடி போலக் கறுப்புக் கோடு தெரிந்தால் மூடி விரிசல் கண்டுவிட்டது. விடியுமுன் இருட்டில் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். கசியும் ஒயரில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும்.

அப்படியும் பிடிக்கவில்லையா? சாவியைப் போட்டு, காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிறு முனையில் பல்பை வையுங்கள். மறு ஒயர் பாடியில். செல்ஃப் அடிக்கும்போது பல்பு விட்டு விட்டு எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை. அழுக்கு அல்லது எண்ணெய் படிந்திருக்கும். எரியவே இல்லையென்றால் காயிலின் சாவிப் பக்க முனையில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் எரியாவிட்டால் சாவி சுவிட்சிலிருந்து வரும் வழியில் கோளாறு. அங்கே எரிந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ஷார்ட், அல்லது காயில் உள்ளே அறுந்திருக்கிறது.

வில்லிஸ் ஹரிக்கேன் வகை இன்ஜினில் பாயிண்ட் இடைவெளி அரை மில்லிமீட்டர். பிளக் இடைவெளி முக்கால் மில்லிமீட்டர். எரியும் வரிசை 1-3-4-2. பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். புதுப் பாயிண்ட் போட்டும் சீக்கிரமே கருகினால், பாயிண்ட்டைக் குறை சொல்லாமல் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். பிளக் பொறியைச் சோதிக்கும்போது பெட்ரோல் வாடை அடித்தால் நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு குறியும் உண்டு. சாவியைச் செல்ஃப் நிலையில் பிடித்திருக்கும்வரை இன்ஜின் பிடிக்கிறது, விட்ட உடனே அணைகிறது என்றால், சாவி சுவிட்சின் ஓடும் நிலைத் தொடுமுனை தேய்ந்திருக்கும். காயிலுக்கு முன்னால் ரெசிஸ்டர் உள்ள வண்டியானால் அது அறுந்திருக்கலாம்.

1912-ல் அமெரிக்காவில் வந்த காடிலாக் காரில்தான் மின்சார செல்ஃப் மோட்டார் முதலில் நடைமுறைக்கு வந்தது. அதைச் செய்து கொடுத்தவர் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பண்ணையில் பிறந்த சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன் எல்லாரும் கைப்பிடி சுற்றித்தான் கிளப்பினார்கள். இன்ஜின் திருப்பி உதைத்துக் கை ஒடிந்தவர்கள் பலர். இன்றும் கைப்பிடி போட நேர்ந்தால், கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக் கீழிருந்து மேலாக இழுங்கள். ஒருபோதும் கீழ்நோக்கி அமுக்காதீர்கள்.

மறுபடி மறுபடி இறங்கும் பேட்டரி

இன்றைக்குச் சார்ஜ் ஏற்றினால் நாளன்றைக்கு இறங்குகிறதா? இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். குறைந்தால் பெல்ட் தளர்வு, ஆல்டர்னேட்டர் கோளாறு. 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றடித்துவிடும்.

வேறு வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கும்போது வரிசை முக்கியம். பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ். பிறகு நல்ல வண்டியின் நெகட்டிவ். கடைசி முனையை நின்றுபோன வண்டியின் இன்ஜின் பிளாக்கில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள்.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால், பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். டெர்மினலைத் தேய்த்து, எர்த்து பட்டையை முடுக்கி, மீட்டர் வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பட்டறைக்குப் போக நேர்ந்தாலும், "எதை மாத்தலாம்?" என்று கேட்காதீர்கள். "செல்ஃப் அடிக்கும்போது எங்கே எத்தனை வோல்ட் விழுது, பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் காசைக் காப்பாற்றும்.